கம்ப்யூட்டருக்கு தனி யுபிஎஸ்ஸா, வீட்டு இன்வெர்ட்டரே போதுமா?

ஆடி மாசம் உடுமலைப் பக்கம் வந்து பாருங்க, பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்துல சுத்துப்பட்டுக் காத்தாடி எல்லாம் நிக்காம சுத்திட்டு இருக்கும், இங்க வீட்டுக்குள்ள லைட்டு மினுக் மினுக்குன்னு கண்ணடிச்சிட்டு இருக்கும். கரண்ட்டு தயாரிக்கிற ஊர்லயே கரண்ட்டு நிக்க மாட்டேங்குதேன்னு எங்கப்பா வருசா வருசம் இதே ஜோக்க சொல்லுவாரு, நாங்களும் வருசா வருசம் சிரிப்போம். தென்னமட்ட ஒண்ணு ஒயர்ல உரசுனாப் போதும், அரை செகண்டு போயிட்டு வந்துரும். ஃபேனுக்கு அது தெரியவே தெரியாது. டிவி கூட சில சமயம் தப்பிச்சுக்கும். கம்ப்யூட்டர் மட்டும் டப்புன்னு செத்து மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கும்.

நான் வீட்ல உக்காந்து நாலஞ்சு தென்னநார் மில்லுக்கும் ரெண்டு மளிகைக் கடைக்கும் ஜிஎஸ்டி கணக்கு பாக்குறேன். மாசாமாசம் 20ஆம் தேதிக்குள்ள 3பிங்கற ஜிஎஸ்டி ரிட்டர்ன ஃபைல் பண்ணியாகணும். போன வருசம் ஒரு 19ஆம் தேதி ராத்திரி ஒரு மில்லோட பர்ச்சேஸ் பில் எல்லாம் ஏத்தி முடிச்சு சேவ் ஆகிட்டு இருக்குற அந்த நேரத்துல பாத்து மினுக்குன்னு ஒண்ணு அடிச்சுது, அவ்ளோதான், மறுபடி ஆன் பண்ணுனா டேட்டா ஃபைல் தொறக்கவே மாட்டேங்குது. பென்டிரைவ்ல இருந்த பேக்கப் ரெண்டு நாள் பழசு. விடியக்காலம் நாலு மணி வரைக்கும் பில்லுக்கட்ட மறுபடி மொதல்ல இருந்து பிரிச்சு ஏத்துனேன். இத்தனைக்கும் வீட்ல இன்வெர்ட்டர் ஓடிட்டு தான் இருக்கு! மேல ஃபேன் ஜம்முன்னு சுத்துது, கீழ கம்ப்யூட்டர் மட்டும் போச்சு. அப்பத்தான் இத ஒழுங்கா விசாரிக்கணும்னு தோணுச்சு, ஒரு மாசம் கடை கடையா ஏறி எறங்குனேன், கொஞ்சம் காசையும் கரியாக்குனேன். அந்தக் கதைதான் இது.

கடைக்குப் போனா நாம எல்லாரும் கேக்குற முதல் கேள்வி "எத்தன மணி நேரம் நிக்கும்?" கடைத் தம்பியும் "அண்ணா 600 விஏ எடுத்துக்கங்க, அரை மணி நேரம் கியாரண்டி"ம்பான். கேள்வியே தப்பு. கம்ப்யூட்டருக்கு வேண்டியது முதல்ல நேரம் இல்ல, இடைவெளி இல்லாம மாறுறது. கரண்ட்டு போன அந்தக் கணத்துல இருந்து பேட்டரிக்கு மாற எத்தன மில்லிசெகண்டு ஆகுது, அது வரைக்கும் உங்க எஸ்எம்பிஎஸ் (சிபியுக்குள்ள கரண்ட்ட மாத்திக் குடுக்குற பெட்டி) தாக்குப்புடிக்குமா, இதுதான் விசயம். நம்மூரு கரண்ட்டு செகண்டுக்கு 50 சுத்து, அப்போ ஒரு சுத்து 20 மில்லிசெகண்டு. எஸ்எம்பிஎஸ்குள்ள ஒரு பெரிய கெப்பாசிட்டர் உக்காந்திருக்கும், வெளிய கரண்ட்டு நின்னாலும் அதுல தேங்கி இருக்கறத வச்சு ஃபுல் லோடுல சுமாரா 16, 17 மில்லிசெகண்டு ஓட்டும், அதாவது ஒரு சுத்து கூட முழுசா இல்ல. கேபினட்டோட சேத்து ஃப்ரீயா வர்ற மட்டமான எஸ்எம்பிஎஸ்னா அதுவும் சந்தேகம். அதுக்குள்ள மாத்துறது எதுவோ அது கம்ப்யூட்டருக்கு ஆகும், அதுக்கு மேல இழுக்கறது ஃபேனுக்கும் லைட்டுக்கும் தான் ஆகும்.

எங்க வீட்டு இன்வெர்ட்டர் விசயத்துக்கு வர்றேன், ஏன்னா பாதிப் பேருக்கு வீட்ல ஏற்கனவே இது இருக்கும், புதுசா எதுவும் வாங்காம முடிச்சுக்கலாமான்னு தான் நெனைப்பீங்க. நிறைய இன்வெர்ட்டர்ல பின்னாடியோ முன்னாடியோ குட்டியா ஒரு சுவிட்ச் இருக்கும், ஈகோ இல்லன்னா நார்மல்னு ஒரு பக்கம், யுபிஎஸ்னு ஒரு பக்கம். வாங்கி மாட்டுன அன்னைக்கு எலக்ட்ரீசியன் எதுல வச்சிட்டுப் போனாரோ அதுலயே பத்து வருசம் கெடக்கும், யாரும் திரும்பிப் பாக்கறதில்ல. ஈகோவுல இருந்தா மாறுறதுக்கு 40 மில்லிசெகண்டு வரைக்கும் ஆகலாம், யுபிஎஸ் மோடுல அது 10, 15க்குள்ள வந்துரும். என்னோடது ஈகோவுல இருந்துச்சு. அடப்பாவி இவ்ளோதானான்னு சுவிட்ச யுபிஎஸ் பக்கம் தள்ளுனேன், மெயின ஆஃப் பண்ணிப் பாத்தா கம்ப்யூட்டர் அசையவே இல்ல. பைசா செலவில்லாம முடிஞ்சுதுன்னு வீட்டம்மாகிட்ட வேற பெருமை பேசியாச்சு.

அடுத்த வாரமே வேற தலைவலி. எங்க லைன்ல தோட்டத்து மோட்டார் எல்லாம் ஓட ஆரம்பிச்சா வோல்டேஜ் எறங்கும், டியூப்லைட்டு டிம் அடிக்கிறத வச்சே சொல்லிரலாம். சாயங்காலமானா இன்வெர்ட்டர்ல பச்சை லைட்டு அணைஞ்சு பேட்டரி லைட்டு எரியுது, ஆனா தெருவுல கரண்ட்டு இருக்கு. என்னடான்னு மல்டிமீட்டர வச்சுப் பாத்தா 174. விசயம் என்னன்னா யுபிஎஸ் மோடுல இன்வெர்ட்டர் ரொம்பக் கறார், பொதுவா 180ல இருந்து 260 வோல்ட்டுக்குள்ள வந்தா தான் வெளிக் கரண்ட்ட ஏத்துக்கும், அதுக்குக் கீழ போனா இது கரண்ட்டே இல்லன்னு முடிவு பண்ணிட்டு பேட்டரிக்குப் போயிரும். ஈகோ மோடுல 100ல இருந்து 290 வரைக்கும் எதையும் விழுங்கும். ஆக சாயங்காலம் ரெண்டு மணி நேரம் லோ வோல்டேஜ்லயே பேட்டரி கரைஞ்சு, ராத்திரி நெசமா கரண்ட்டு போறப்ப கீ கீன்னு கத்திட்டுப் படுத்துருச்சு. வோல்டேஜ் நல்லா நிக்கிற ஏரியா, டவுனுக்குள்ள, டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துலன்னா இந்தக் கவலையே வேண்டாம், சுவிட்ச யுபிஎஸ்ல தள்ளிட்டு நிம்மதியா இருங்க. எங்கள மாதிரி லைனோட கடைசில இருக்கறவங்க யோசிக்கணும்.

இன்னொண்ணு, இன்வெர்ட்டர் வோல்டேஜ சரி பண்ணாது. கரண்ட்டு இருக்குற வரைக்கும் வெளிய இருந்து 185 வந்தா உள்ள 185 தான், 255 வந்தா 255 தான். அது ஒரு வாசல், அவ்ளோதான்.

நேரம்னு பாத்தா இன்வெர்ட்டர அடிச்சுக்க ஆளே இல்ல. 12 வோல்ட் 150 ஏஹெச் (ஆம்பியர்-அவர், பேட்டரியோட கொள்ளளவு) டியூபுலர் பேட்டரின்னா கணக்குப்படி 1800 வாட்-அவர், வழில போற நட்டம் எல்லாம் கழிச்சு கம்ப்யூட்டர், ரெண்டு ஃபேன், நாலு லைட்டுன்னு 250 வாட் போட்டாலும் பேட்டரி புதுசா இருந்தா 4 மணி நேரத்துக்குக் கொறையாது. பராமரிப்பு ஷட்டவுன்னு காலைல 9 மணிக்குப் போயி மத்தியானத்துக்கு மேல வர்ற நாளெல்லாம் இதுதான் காப்பாத்தும். ஆனா ப்யூர் சைன் வேவா, அதாவது வீட்டுக் கரண்ட் மாதிரியே வழுவழுன்னு அலை குடுக்கறதா இருக்கணும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் இன்னும் சில வீட்ல இருக்கு, ஃபேன் ங்ஙொய்னு உறுமுறத வச்சுக் கண்டுபுடிச்சுரலாம், அதுல கம்ப்யூட்டர மாட்டாதீங்க.

சரி, தனி யுபிஎஸ்.

மேசைக்கடில வைக்கிற சின்னக் கருப்புப் பெட்டி, 600 விஏ. நான் விசாரிச்சப்ப மூவாயிரத்துக்கு முன்னப் பின்ன இருந்துச்சு. ஏபிசி (APC), மைக்ரோடெக், லூமினஸ்னு எந்தப் பேர்ல வாங்குனாலும் உள்ள இருக்கறது பெரும்பாலும் ஒரே சரக்கு தான், ஒரு டிரான்ஸ்ஃபார்மர், ஒரு போர்டு, 12 வோல்ட் 7 ஏஹெச் சீல்டு பேட்டரி ஒண்ணு. இதுல முதல் ஏமாத்து அந்த 600ங்கற நம்பர். அது விஏ, வாட் இல்ல. இந்த மாதிரிப் பெட்டியோட பவர் ஃபேக்டர் (விஏவ எதால பெருக்குனா வாட் வரும்ங்கற நம்பர்) பெரும்பாலும் 0.6, அப்ப 600 விஏன்னா 360 வாட் தான், 1100 விஏன்னா 660. பெட்டிக்குப் பின்னாடி பொடி எழுத்துல போட்டிருப்பான், கடைல நின்னுட்டே படிச்சுருங்க.

இரண்டாவது, அந்த 7 ஏஹெச். பெருக்குனா 84 வாட்-அவர் வருது, 84 வாட் கம்ப்யூட்டர் ஒரு மணி நேரம் ஓடும்னு தோணும். ஓடாது. அந்த 7ங்கறது 20 மணி நேரமா சொட்டு சொட்டா எடுத்தா கெடைக்கிற அளவு, வேகமா உறிஞ்சுனா பாதிக்குக் கொஞ்சம் மேல தான் கெடைக்கும், அதுலயும் பேட்டரி கரண்ட்ட 230 வோல்ட்டா மாத்துறப்ப இன்னும் கொஞ்சம் போயிரும். என்னோட சிஸ்டம் கணக்கு பாக்குற சாதா சிஸ்டம், 22 இஞ்ச் மானிட்டரோட சேத்து 85 வாட் தான் இழுக்குது, (பிளக்ல சொருகிப் பாக்குற வாட் மீட்டர் ஒண்ணு வாங்கிப் பாத்தேன், ஆயிரத்துக்குள்ள கெடைக்கும், வாங்குனதுக்கப்புறம் வீட்ல இருக்குற எல்லாத்தையும் ஒரு வாரம் அளந்துட்டே இருந்தேன், பையன் என்னப் பாத்து பயந்துட்டான்). அந்த 85க்கு புது பேட்டரில 20 நிமிசம் போல நிக்குது. இதே 300 வாட் இழுக்குற சிஸ்டமா இருந்தா மூணு நாலு நிமிசம் தான். சேவ் பண்ணி ஷட்டவுன் குடுக்க அது போதும், வேலையத் தொடர்றதுக்குப் போதாது.

ஆனா இந்தச் சின்னப் பெட்டில இன்வெர்ட்டர்ல இல்லாத ஒண்ணு இருக்கு, ஏவிஆர், வோல்டேஜ தானா சரி பண்ற சர்க்யூட். லைன் இன்டராக்டிவ்னு பெட்டி மேல போட்டிருந்தா அது உள்ள இருக்குன்னு அர்த்தம். 145ல இருந்து 290 வரைக்கும்னு ஒரு ரேஞ்ச் எழுதியிருப்பான், அதுக்குள்ள வோல்டேஜ் எறங்குனா பேட்டரியத் தொடாமலே டிரான்ஸ்ஃபார்மர் டேப்ப மாத்தித் தூக்கிக் குடுக்கும், ஏறுனா எறக்கிக் குடுக்கும். சாயங்காலம் மோட்டார் ஓடறப்ப உள்ள டிக் டிக்குன்னு ரிலே சத்தம் வரும், பயப்படாதீங்க, அது வேலை செய்யுதுன்னு அர்த்தம். எங்க லைனுக்கு இதுதான் பெரிய வரம். மாறுற நேரமும் நாலுல இருந்து பத்து மில்லிசெகண்டுக்குள்ள முடிஞ்சுருது.

அப்ப எல்லாரும் 600 வாங்கிட்டாப் போச்சா? இல்ல, எங்க சித்தி பையன் கதையக் கேளுங்க. கேம் ஆடுறதுக்குன்னு கிராஃபிக்ஸ் கார்டெல்லாம் போட்டு 80 ப்ளஸ் கோல்டுன்னு தர முத்திரை வாங்குன எஸ்எம்பிஎஸ் வச்சு பெரிய சிஸ்டம் கட்டுனான், எங்கிட்ட கேக்காம 1000 விஏ ஒண்ணும் வாங்கிட்டான், "600 வாட் இருக்குண்ணா, என் சிஸ்டம் 350 தான், தாராளம்"னான். கரண்ட்டு போச்சு, யுபிஎஸ் நீளமா ஒரு பீப் அடிச்சுது, ரெண்டும் சேந்தே அணைஞ்சுது. யுபிஎஸ் டிஃபெக்ட்டுன்னு மாத்துனான், அடுத்ததும் அதே. பேட்டரில ஓடறப்ப சாதா யுபிஎஸ் குடுக்குறது வீட்டுக் கரண்ட் மாதிரி வழுவழுன்னு அலை இல்ல, படிக்கட்டு மாதிரி ஏறி, நடுவுல ஒவ்வொரு சுத்துக்கும் கொஞ்ச நேரம் சைபர்லயே நின்னு, அப்புறம் எறங்குற அலை. பெட்டில இதத்தான் சிமுலேட்டடு சைன் வேவ், ஸ்டெப் வேவ்னு அழகா பேர் வச்சுப் போட்டிருப்பான். நல்ல எஸ்எம்பிஎஸ்ல ஆக்டிவ் பிஎஃப்சின்னு ஒரு சர்க்யூட் இருக்கு, அது அலையோட வடிவத்துக்கு ஏத்த மாதிரி அளந்து கரண்ட் எடுக்கறதுக்குன்னே இருக்கறது. அந்த சைபர் இடத்துல அதுக்கு எதுவும் கெடைக்காம பட்டினி கெடந்துட்டு அடுத்த படில மொத்தமா இழுக்கும், அந்த இழுப்ப ஓவர்லோடுன்னு நெனச்சு யுபிஎஸ் கையத் தூக்கிரும். எல்லா எஸ்எம்பிஎஸ்சும் இப்படிப் பண்ணும்னு இல்ல, நிறைய ஓடவும் ஓடுது. ஆனா காசு போட்டு நல்ல எஸ்எம்பிஎஸ் வாங்குனவனுக்குத் தான் இந்தப் பிரச்சினை வருதுங்கறது தான் வயித்தெரிச்சல்.

அவனுக்கு ரெண்டே வழி, ப்யூர் சைன் வேவ் லைன் இன்டராக்டிவ் யுபிஎஸ், இல்லன்னா ஒரேயடியா வாட்ட டபுளா ஏத்தி வாங்கிப் பாக்கறது. முதல்தான் சரி. விலை சாதாவ விட ரெண்டு மடங்கு மூணு மடங்கு வரும், நம்ம ஊருக் கடைல ஸ்டாக் வச்சிருக்க மாட்டாங்க, கோயமுத்தூர்ல கேக்கணும் இல்ல ஆன்லைன்ல போடணும். ஆன்லைன்ல போட்டா ஒரு விசயம் பாத்துக்கங்க, வந்த பெட்டி எத்தன மாசம் குடோன்ல கெடந்துச்சோ, சீல்டு பேட்டரி சார்ஜ் இல்லாம கெடந்தா கெட்டுப் போகும், அதனால பெட்டில தயாரிச்ச தேதி பாத்துட்டு வந்த அன்னைக்கே ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு மறுநாள் சோதிச்சுருங்க, ரிட்டர்ன் டைம் முடியறதுக்குள்ள.

ஆன்லைன் யுபிஎஸ்னு இன்னொண்ணு சொல்லுவாங்க, இன்டர்நெட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. வெளிக் கரண்ட்ட எப்பவுமே டிசியா மாத்தி மறுபடி ஏசியாக்கியே குடுத்துட்டு இருக்கும், பேட்டரி அந்த டிசி பக்கமே தயாரா நிக்கறதால மாறுற நேரமே கெடையாது, சைபர். லேபு, சர்வர், ஸ்கேன் சென்டர் இதுக்கெல்லாம் அது சரி. வீட்ல வச்சா ஃபேன் சத்தம் நாள் முழுக்க, சூடு, சும்மா இருக்கறப்பவும் கரண்ட் தின்னும், 1 கேவிஏ (1000 விஏ) விலைக்கு உங்க கம்ப்யூட்டரே வாங்கிரலாம். விட்டுருங்க.

இப்ப யாருமே யோசிக்காத ஆப்ஷன். என்ன மாதிரி கணக்கு, டைப்பிங், ஆன்லைன் கிளாஸ் இதுக்குத் தான் கம்ப்யூட்டர்னா, அடுத்த தடவை டெஸ்க்டாப்பே வாங்காதீங்க. லேப்டாப் ஒண்ணு வாங்கி பெரிய மானிட்டர், கீபோர்டு சொருகிக்கங்க, அதோட பேட்டரி தான் உலகத்துலயே நல்ல யுபிஎஸ், மில்லிசெகண்டு கணக்கே வேண்டாம். அப்ப மிச்சம் இருக்கறது வைஃபை மோடம் மட்டும், அதுக்கு ஆயிரம் ஆயிரத்தைநூறுல மினி யுபிஎஸ் கெடைக்குது, உள்ள லித்தியம் பேட்டரி, மோடத்த மூணு நாலு மணி நேரம் ஓட்டும். ஃபைபர் லைன்ல கரண்ட்டு போனாலும் நெட்டு வரும், கேபிள்காரர் அவர் பக்கம் பேக்கப் வச்சிருந்தா. மோடம் அடாப்டர்ல எத்தன வோல்ட்டுன்னு பாத்துட்டு வாங்குங்க, நிறைய 12 வோல்ட், சிலது 9, 9க்கு 12 குடுத்து ஒருத்தர் மோடத்தப் பொசுக்குனத நானே பாத்தேன்.

நான் கடைசியா என்ன பண்ணுனேன்னா, ரெண்டையும் வச்சேன். இன்வெர்ட்டர் சுவிட்ச மறுபடி ஈகோவுக்கே தள்ளிட்டேன், அப்பத்தான் லோ வோல்டேஜ்ல பேட்டரி வீணாகாது. அந்த இன்வெர்ட்டர் லைன்லயே கம்ப்யூட்டர் மேசைக்கு ஒரு 600 விஏ லைன் இன்டராக்டிவ். கரண்ட்டு போனா இன்வெர்ட்டர் மெதுவா மாறுது, அந்த 40 மில்லிசெகண்ட சின்ன யுபிஎஸ் தாங்கிக்குது, ஒரு பீப், அதுக்குள்ள இன்வெர்ட்டர் கரண்ட்டு வந்துருது, சின்னது மறுபடி ஓய்வுக்குப் போயிருது. சாயங்காலம் வோல்டேஜ் எறங்குனா அதோட ஏவிஆர் பாத்துக்குது. 7 ஏஹெச் பேட்டரி அரை செகண்டு அரை செகண்டா தான் வேலை செய்யுது. இன்வெர்ட்டர் ப்யூர் சைனா இருந்தா தான் இந்த ஜோடி ஒத்துப்போகும், ஸ்கொயர் வேவக் கண்டா சின்ன யுபிஎஸ் அத கரண்ட்டுன்னே ஒத்துக்காம பேட்டரிலயே ஓடி முடிஞ்சுரும். இன்வெர்ட்டரே இல்லாத வீடுன்னா, சாதா சிஸ்டத்துக்கு 600 விஏவே போதும், 1100க்குப் போறதா இருந்தா உள்ள ரெண்டு பேட்டரி இருக்கான்னு கேளுங்க, ஒத்தப் பேட்டரின்னா வாட்டு தான் கூடும் நேரம் பெருசா கூடாது.

பின்னாடி யுஎஸ்பி போர்ட் இருக்குற மாடல் கெடைச்சா நூறு எறநூறு கூடப் போனாலும் எடுங்க. கேபிள சொருகுனா விண்டோஸ் அத லேப்டாப் பேட்டரி மாதிரியே பாக்கும், இத்தன பர்சன்ட் வந்தா தானா ஹைபர்னேட் ஆகுன்னு வச்சுட்டு நீங்க சந்தைக்குப் போலாம். சிபியு, மானிட்டர், மோடம் தவிர எதையும் அதுல மாட்டாதீங்க, முக்கியமா லேசர் பிரிண்டர். அது பேப்பர சூடாக்குற ஒவ்வொரு தடவையும் அயர்ன் பாக்ஸ் மாதிரி இழுக்கும், 360 வாட் பெட்டி அங்கயே மல்லாந்துரும். மூணாவது பின்னுக்கு எர்த் இல்லாத பழைய வீட்டு பாயின்ட்டுல மாட்டிட்டு சர்ஜ் புரொட்டெக்‌ஷன் இருக்குன்னு நம்பாதீங்க, இடி இடிச்சா பிளக்கப் புடுங்கறது தான் வழி.

பேட்டரி நம்மூரு சூட்டுக்கு ரெண்டு மூணு வருசம். சாகறதுக்கு முன்னாடி சொல்லாது. பச்சை லைட்டு எரிஞ்சுட்டே இருக்கும், கரண்ட்டு போனா தான் உள்ள ஒண்ணும் இல்லன்னு தெரியும். அதனால மாசம் ஒருக்கா எல்லாத்தையும் சேவ் பண்ணிட்டு, சுவத்து சுவிட்ச ஆஃப் பண்ணி அஞ்சு நிமிசம் நிக்குதான்னு பாருங்க, பிளக்கப் புடுங்காதீங்க, எர்த்தும் சேந்து போயிரும். மாத்துறது பெரிய வித்தை இல்ல. பிளக்கக் கழட்டிட்டு அடியில இருக்குற நாலு ஸ்குரூவக் கழட்டுனா பேட்டரி தெரியும், என்னோட பழசு பக்கவாட்டுல பூரி மாதிரி உப்பி உள்ளயே சிக்கிக்கிச்சு, ஸ்குரூ டிரைவர வச்சு நெம்பித் தான் எடுத்தேன். செவப்பு ஒயர் பிளஸ், கருப்பு மைனஸ், ரெண்டையும் போட்டோ எடுத்துட்டுக் கழட்டுங்க, கடைசி ஒயர சொருகறப்ப பட்டுன்னு ஒரு பொறி அடிக்கும், அது சகஜம். புதுசு ஆயிரம் ரூபா போல, பழசக் கையோட கொண்டு போனா கொஞ்சம் கழிச்சுக்குவாங்க, ஈயம் இருக்கு, குப்பைல போடக் கூடாது. யூடியூப்ல பாத்துட்டு அதுக்குள்ள லித்தியம் பேட்டரி மாட்டப் போறேன்னு சித்தி பையன் கெளம்புனான், 360 வாட்ட 12 வோல்ட்டுல இருந்து எடுத்தா 30 ஆம்பியருக்கு மேல போகும்டா, அந்த விலைக்கு விக்கிற பேக்ல இருக்குற போர்டு அதத் தாங்காதுன்னு சொல்லி உக்கார வச்சிருக்கேன்.

அப்புறம் அந்த பீப் சத்தம். நிறைய மாடல்ல பட்டன ஒரு தடவை அமுக்குனா சத்தம் நின்னுரும், அது தெரியாம எங்கம்மா ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு வந்து "அது என்னமோ கத்துது சாமி"ன்னு ஒட்டுமொத்தமா ஆஃப் பண்ணிட்டுப் போயிட்டாங்க, அன்னைக்கும் தேதி 19.